பழைய ஹைபிரிட் எஸ்டேட் கார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசுவது பெரும்பாலும் பெட்ரோல் ஹைபிரிட் எஸ்டேட் வண்டிகளைப் பற்றி. ஹைபிரிட் என்றால் என்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து இழுக்கும் வண்டி; எஸ்டேட் என்றால் கூரை பின்கதவு வரை நீண்டு, டிக்கி பெரிதாக இருக்கும் கார். டொயோட்டா ஆரிஸ் டூரிங் ஸ்போர்ட்ஸ், கொரோலா டூரிங் ஸ்போர்ட்ஸ், கொரோலா ஃபீல்டர், ப்ரியஸ் பிளஸ், ஹோண்டா ஷட்டில் போன்றவை. இவற்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது மோட்டாரை ஓட்டும் பெரிய பேட்டரியைப் பற்றித்தான். காசு கரையும் இடமோ பெரும்பாலும் வேறு.

இதற்குச் சார்ஜ் போட வேண்டுமா?

வேண்டாம். பிரேக் பிடிக்கும்போதும் சரிவில் இறங்கும்போதும் வீணாகும் வேகத்தை மோட்டார் மின்சாரமாக மாற்றிப் பேட்டரிக்கு அனுப்பும். போதாததை என்ஜின் நிரப்பும். பிளக் போட்டுச் சார்ஜ் செய்யும் பிளக்-இன் வகை தனி. அதைப் பற்றிக் கீழே இருக்கிறது. விளம்பரத்தில் 'மைல்டு ஹைபிரிட்' என்று இருந்தால் அது மோட்டாரில் மட்டும் ஓடும் வண்டி அல்ல, என்ஜினுக்குச் சின்னதாகக் கை கொடுக்கும் ஏற்பாடு. விலை பேசும்போது இந்த மூன்றையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பத்து வயதான வண்டி. பேட்டரி எந்த நேரத்திலும் போய்விடும் என்கிறார்களே?

போகலாம். ஆனால் பயமுறுத்துகிற அளவுக்கு அது பூஞ்சையான சாமான் அல்ல. ஆரிஸிலும் மூன்றாம் தலைமுறை ப்ரியஸிலும் இருப்பது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி. ஆறு செல் சேர்ந்தது ஒரு மாட்யூல். அப்படி 28 மாட்யூல்கள், ஆக 168 செல்கள், 201.6 வோல்ட். இத்தனை இருந்தும் அது சேமிக்கும் மின்சாரம் சுமார் 1.3 கிலோவாட் மணிதான். வண்டியின் கணினி இதை முழுதாக நிரம்பவும் விடாது, முழுதாகக் காலியாகவும் விடாது. ஏறக்குறைய 40 முதல் 80 சதவீதத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். இரண்டு மூன்று வருடத்தில் தளர்ந்துபோகும் கைபேசி பேட்டரியைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, இது பத்து வருடம் தாண்டியும் உழைப்பது ஆச்சரியமாக இருக்கும். அந்த நடுவாந்தரமான உபயோகம்தான் அதற்குக் காரணம்.

அதைக் கொல்வது வெப்பம். வரிசையின் நடுவில் இருக்கும் மாட்யூல்களுக்குக் காற்று சரியாகக் கிடைக்காவிட்டால் அவைதான் முதலில் சோர்ந்துபோகும். ஓட்டும்போதே இது தெரியும்: திரையில் பேட்டரி அளவைக் காட்டும் கட்டங்கள் சில நிமிடங்களில் மளமளவென்று ஏறி, அதே வேகத்தில் இறங்கும். சிக்னலில் நிற்கும்போது என்ஜின் அடிக்கடி எழுந்துகொள்ளும். பின்சீட்டு ஓரத்திலிருந்து விசிறிச் சத்தம் ஓயாமல் கேட்கும்.

டாஷ்போர்டுக்கு அடியில் பழுது கண்டறிய வைத்திருக்கும் ஓபிடி பிளக்கில் ஒரு சின்னக் கருவியைச் செருகி, கைபேசிச் செயலி வழியாக மாட்யூல்களின் மின்னழுத்தத்தைத் தொகுதி தொகுதியாகப் பார்க்கலாம். வண்டி சும்மா நிற்கும்போது எல்லாம் சரியாகத்தான் காட்டும். நன்றாக முடுக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் எந்தத் தொகுதி மற்றவற்றைவிட்டு விலகி ஓடுகிறது என்று பாருங்கள். அதுதான் நோயாளி.

பழுதான மாட்யூலை மட்டும் மாற்றினால் போதாதா? செலவு குறையுமே?

குறையும், கொஞ்ச நாளைக்கு. மற்ற 27 மாட்யூல்களும் அதே வயது, அதே வெயில். இன்று ஒன்றை மாற்றினால் ஆறு மாதத்தில் அடுத்தது கையைத் தூக்கும். விற்பதற்கு முன்னால் எச்சரிக்கை விளக்கை அணைக்க இது வசதி; வைத்து ஓட்டப் போகிறவர்களுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். முழுப் பேட்டரியையும் மாற்றுங்கள், அதுவும் எழுத்தில் உத்தரவாதம் தருபவரிடம். 'ரீகண்டிஷன் செய்தது' என்று வரும் பேட்டரிகளில் பல, இந்த ஒற்றை மாட்யூல் வேலையின் பெரிய வடிவம்தான்.

உத்தரவாதம் மிச்சம் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். அமெரிக்காவில் டொயோட்டா ஹைபிரிட் பேட்டரிக்கு முன்பு 8 வருடம் அல்லது 1,00,000 மைல் என்று இருந்தது. 2020 மாடலிலிருந்து அது 10 வருடம் அல்லது 1,50,000 மைல் ஆனது. ஐரோப்பாவின் பல நாடுகளில், வருடா வருடம் ஹைபிரிட் சோதனை செய்துகொண்டால் 15 வயது வரைகூட நீட்டிக்க முடியும். வேறு நாட்டிலிருந்து இறக்குமதியான வண்டிக்கு இதெல்லாம் பெரும்பாலும் பொருந்தாது.

பின்சீட்டு ஓரத்தில் ஒரு சல்லடைத் துளை இருக்கிறதே, அது எதற்கு?

கேட்டீர்களே, அதுதான் இந்த வண்டியின் மூக்கு. ஆரிஸ் போன்றவற்றில் பெரிய பேட்டரி பின்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. அதைக் குளிர்விக்கத் தனி ரேடியேட்டர் கிடையாது. பயணிகள் இடத்தில் இருக்கும் ஏசிக் காற்றையே ஒரு விசிறி அந்தத் துளை வழியாக இழுத்து, மாட்யூல்களுக்கு நடுவே ஓடவிடுகிறது.

எஸ்டேட் வாங்குகிறவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். நாய் வளர்ப்பவர்கள், குழந்தைகளை ஏற்றிச் செல்பவர்கள், மூட்டை முடிச்சு ஏற்றுபவர்கள். நாய் முடி, போர்வைப் பஞ்சு, பிஸ்கட் தூள், மணல் எல்லாம் அந்தத் துளையை நோக்கித்தான் போகும். மூடியைக் கழற்றினால் உள்ளே வலையோ பஞ்சு ஃபில்டரோ இருக்கும். சில வருட மாடல்களில் ஃபில்டரே இல்லாமல் விசிறியின் இதழ்களில் நேராகவே கம்பளிபோல அழுக்கு அப்பியிருக்கும். வண்டி பார்க்கப் போகும்போது டார்ச் அடித்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் தடித்த படலம் தெரிந்தால், சர்வீஸ் புத்தகத்தில் எத்தனை முத்திரை இருந்தாலும் சரி, அந்தப் பேட்டரியை யாரும் கவனித்ததில்லை.

வாங்கிய பிறகு வருடம் ஒரு முறையாவது வாக்குவம் போட்டுச் சுத்தம் செய்யுங்கள். பின்சீட்டில் பையையோ போர்வையையோ போட்டுத் துளையை அடைக்காதீர்கள். வெயிலில் நின்ற வண்டி என்றால் முதலில் கண்ணாடியை இறக்கிச் சூட்டை வெளியேற்றி, அப்புறம் ஏசி போட்டுக் கிளம்புங்கள். உங்களுக்கு வியர்த்தால் பேட்டரிக்கும் வியர்க்கிறது என்று அர்த்தம்.

நிறையக் கிலோமீட்டர் ஓடிய வண்டியை ஒதுக்கிவிடலாமா?

அவசரப்பட்டு ஒதுக்காதீர்கள். நெடுஞ்சாலையில் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடி, வேளா வேளைக்கு ஆயில் மாற்றிய வண்டியை, தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் போய்வந்து அறுபதாயிரம் காட்டும் வண்டியைவிட நம்பி வாங்குவேன். குறைந்த தூரம் ஓடும் வண்டியில் என்ஜின் முழுச் சூட்டை எட்டுவதே இல்லை. ஈரமும் பெட்ரோலும் ஆயிலில் கலக்கும். மாதக்கணக்கில் நின்ற வண்டியின் பேட்டரியும் சோம்பிப்போயிருக்கும். டாக்சியாக ஓடியதா என்பதை மட்டும் ஆவணத்தில் பாருங்கள். டாக்சியே கூடாது என்பதில்லை, ஆனால் விலை அதைச் சொல்ல வேண்டும்.

பார்க்கப் போகும்போது எதை முக்கியமாகக் கவனிப்பது?

குளிர்ந்த என்ஜினை. 'நான் வரும் வரை வண்டியைக் கிளப்ப வேண்டாம்' என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

1.8 லிட்டர் டொயோட்டா ஹைபிரிட் என்ஜினில், குறிப்பாக 2010 முதல் சில வருட மாடல்களில், பரவலாகத் தெரிந்த ஒரு குறை உண்டு. புகையின் ஒரு பகுதியைக் குளிர்வித்து மீண்டும் என்ஜினுக்குள் அனுப்பும் ஈஜிஆர் அமைப்பில் கரி படிந்து அடைத்துக்கொள்ளும். அதனால் உள்ளே சூடு கூடி, காலப்போக்கில் ஹெட் கேஸ்கட் (சிலிண்டர்களின் மேல்மூடியைக் கசியாமல் அடைக்கும் தகடு) விட்டுவிடும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் கூலன்ட், அதாவது என்ஜினைக் குளிர்விக்கும் திரவம், சொட்டுச் சொட்டாகச் சிலிண்டருக்குள் இறங்கியிருக்கும். காலையில் என்ஜின் எழும்போது சில நொடிகள் கடகடவென்று மொத்த வண்டியும் உலுக்கும், பிறகு ஒன்றும் நடக்காததுபோல ஓடும். விற்பவர் 'காலையில் அப்படித்தான் சார், ஹைபிரிட் இல்லையா' என்பார். அப்படியெல்லாம் இல்லை. அந்த உலுக்கலைப் பார்த்தால், கேஸ்கட் வேலைக்கு ஆகும் தொகையை விலையில் கழியுங்கள், அல்லது நடையைக் கட்டுங்கள்.

பானெட்டுக்குள் கூலன்ட் தொட்டிகள் இரண்டு இருக்கும்: ஒன்று என்ஜினுக்கு, இன்னொன்று பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டருக்கு. இரண்டிலும் அளவு கோட்டுக்குள் இருக்க வேண்டும். 'ரெடி' நிலையில், அதாவது வண்டி ஓடத் தயார் என்று திரை காட்டும்போது, இன்வெர்ட்டர் தொட்டியின் உள்ளே பார்த்தால் திரவம் லேசாகக் கலங்கி ஓடுவது தெரியும். அசையாமல் நின்றால் அதன் சின்ன மின் பம்ப் மீது சந்தேகப்படுங்கள். என்ஜினின் தண்ணீர் பம்பும் இதில் மின்சாரத்தில் ஓடுவதுதான், அதுவும் வயதானால் போகும்.

ஈஜிஆர் சுத்தம் செய்த ரசீது இருந்தால், அந்த வண்டியின் உரிமையாளர் விஷயம் தெரிந்தவர் என்று எடுத்துக்கொள்ளலாம். கூடவே சேசிஸ் எண்ணைக் கொடுத்து, குறையைச் சரிசெய்ய நிறுவனம் விடுத்த திரும்ப அழைப்பு நிலுவையில் இருக்கிறதா என்று பாருங்கள். 2014 பிப்ரவரியில் டொயோட்டா சுமார் 19 லட்சம் ப்ரியஸ் வண்டிகளை இன்வெர்ட்டர் தொடர்பான மென்பொருளுக்காகத் திரும்ப அழைத்தது. கை மாறிய வண்டிகளில் இப்படிப்பட்ட வேலைகள் செய்யாமலே விட்டுப்போவது சகஜம்.

எஸ்டேட் என்பதால் தனியாக என்ன பார்க்க வேண்டும்?

டிக்கித் தரையைத் தூக்குங்கள். தண்ணீர் தேங்கியிருக்கிறதா, துரு இருக்கிறதா, ஈர வாடை வருகிறதா? பின்கதவு ரப்பரும் பின்விளக்கு ரப்பரும் தளர்ந்தால் மழைநீர் அங்கேதான் இறங்கும். பல மாடல்களில் 12 வோல்ட் பேட்டரியும் அந்தப் பக்கமே இருப்பதால் ஈரத்தைச் சும்மா விடக் கூடாது. பின்கதவைப் பலமுறை திறந்து மூடி, நம்பர் பிளேட் விளக்கு, வைப்பர், கண்ணாடிச் சூடேற்றி எல்லாம் வேலை செய்கிறதா பாருங்கள். கீல் பக்கம் ரப்பர் குழாய்க்குள் ஓடும் ஒயர்கள் வருடக்கணக்கில் மடங்கி மடங்கியே அறுந்துபோகும். கதவைத் தாங்கும் இரண்டு கம்பிகளும் தளர்ந்திருந்தால் ஒரு நாள் உங்கள் தலையில் விழும்.

சாவியை அழுத்தினால் உயிரே இல்லை. டிக்கியும் திறக்கவில்லை. பேட்டரி போய்விட்டதா?

போனது சின்னப் பேட்டரி. ஹைபிரிட்டைக் கிளப்புவதற்குப் பெரிய பேட்டரி தயாராக இருந்தாலும், அதன் ரிலே சுவிட்சுகளை இணைத்துக் கணினியை எழுப்புவது சாதாரண 12 வோல்ட் பேட்டரிதான். அது இறங்கிவிட்டால் மொத்த வண்டியும் கல். டிக்கிக் கதவு மின்பூட்டு என்பதால் அதுவும் திறக்காது. பேட்டரியோ டிக்கிக்குள்ளேயே இருக்கிறது! முதல்முறை மாட்டிக்கொள்பவர்கள் இந்த இடத்தில்தான் திகைத்து நிற்பார்கள்.

ரிமோட்டுக்குள் ஒரு உலோகச் சாவி ஒளிந்திருக்கும். அதை உருவி ஓட்டுநர் கதவைத் திறங்கள், பானெட்டை விடுவியுங்கள். ஃபியூஸ் பெட்டிக்குள் சிவப்பு மூடி போட்ட ஒரு முனை பல மாடல்களில் இருக்கும். ஜம்ப் ஸ்டார்ட்டுக்கான, அதாவது வெளிப் பேட்டரியிலிருந்து கரண்ட் கொடுத்துக் கிளப்புவதற்கான பிளஸ் அது. மைனஸை என்ஜின் பக்கம் பெயின்ட் இல்லாத உலோகத்தில் மாட்டுங்கள். பிளஸ் மைனஸ் மாறிவிட்டால் இன்வெர்ட்டர் வரை சேதம் போகலாம், ஆகவே இருமுறை பார்த்து மாட்டுங்கள். வண்டி 'ரெடி' ஆனதும் பெரிய பேட்டரியே சின்னதை நிரப்பத் தொடங்கிவிடும். இன்னொரு வண்டிக்கு உங்கள் ஹைபிரிட்டிலிருந்து ஜம்ப் கொடுக்காதீர்கள்; பெரிய ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுழற்றும் கரண்டைக் கொடுக்க இந்தப் பேட்டரி பிறக்கவில்லை.

வண்டி நாள்கணக்கில் நிற்கப் போகிறது என்றால் வாரம் ஒரு முறை ஒரு மணி நேரம் 'ரெடி'யில் வையுங்கள். வெறும் விளக்கு எரியும் நிலையில் வைத்தால் சார்ஜ் ஏறாது, இருப்பதும் இறங்கும். புதிதாக மாற்றும்போது வாயுவை வெளியேற்றும் குழாயோடு வரும், அமிலம் சிந்தாத ஏஜிஎம் (AGM) வகையையே கேளுங்கள். பயணிகள் இருக்கும் இடத்துக்குள் இருக்கும் பேட்டரி அது.

சொன்ன மைலேஜ் வரவில்லையே?

எங்கே ஓட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நின்று நின்று போகும் நகரச் சாலைதான் ஹைபிரிட்டின் களம். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் பறந்தால் மீட்பதற்குப் பிரேக்கே இல்லை. அங்கே ஒரு நல்ல டீசல் வண்டி இதை முந்திவிடும். குளிரில் ஹீட்டருக்காகவே என்ஜின் ஓட வேண்டியிருக்கும். கூரையில் பெட்டியை மாட்டிக் கழற்றாமலே சுற்றுபவர்கள் கூடுதல் பெட்ரோலுக்கு வேறு காரணம் தேட வேண்டாம். திரையில் காட்டும் கணக்கும் கொஞ்சம் தாராளமாகவே இருக்கும். டேங்கை நிரப்பிக் கணக்கிடுவதே நிஜம்.

அப்படியானால் எப்படி ஓட்டுவது?

புதிதாக வாங்கியவர்கள் மோட்டாரில் மட்டும் ஓடுவதைக் காட்டும் 'இவி' (EV) விளக்கு அணையக் கூடாது என்று ஆமைபோல ஊர்வார்கள். பேட்டரியில் இருப்பதும் பெட்ரோலில் வந்த மின்சாரம்தான். ஊர்ந்து ஊர்ந்து அதைக் காலி செய்தால், மறுபடி நிரப்ப என்ஜின் இன்னும் உழைக்கும். நடுத்தரமாக முடுக்கி வேண்டிய வேகத்தை எட்டுங்கள், அப்புறம் காலைத் தளர்த்துங்கள். என்ஜின் தானே அணையும். காசு மிச்சமாவது பிரேக்கில்: தூரத்திலேயே சிக்னலைப் பார்த்து, மெதுவாக, நீளமாகப் பிடியுங்கள். கடைசி நொடியில் அழுத்தினால் மோட்டார் வாங்க முடியாத மிச்சமெல்லாம் பிரேக் தகட்டில் சூடாகப் போய்விடும்.

கியரில் 'பி' (B) என்று இருப்பதை எந்நேரமும் போட்டு ஓட்டச் சொல்பவர்கள் உண்டு. அது நீளமான மலை இறக்கத்துக்கானது. பேட்டரி நிரம்பியபின் வேகத்தைக் கட்டுப்படுத்த என்ஜினைச் சும்மா சுழற்றும் ஏற்பாடு அது. தினசரி ஓட்டத்தில் நஷ்டம்தான். நெரிசலில் நிற்கும்போது 'என்' (N, நியூட்ரல்) போடாதீர்கள். டொயோட்டா அமைப்பில் அந்த நிலையில் என்ஜின் ஓடினாலும் பேட்டரிக்கு ஒரு துளி சார்ஜ் ஏறாது.

மேடு ஏறும்போது என்ஜின் அலறுகிறது, வேகம் மட்டும் ஏறவில்லை. கிளட்ச் போய்விட்டதா?

டொயோட்டாவில் கிளட்சே கிடையாது. கோள் பல்சக்கர (planetary gear) அமைப்பும் இரண்டு மோட்டார்களும்தான் கியர்பெட்டி. என்ஜின் தனக்குச் சாதகமான சுழற்சியில் நின்றுகொள்ளும், அதனால்தான் அந்த ஒரே சுருதி. ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் என்று தனியாக இல்லாததால் அவை பழுதாகும் தொல்லையும் இல்லை. ஹோண்டா ஷட்டில் வேறு மாதிரி: அதில் 7 கியர் கொண்ட இரட்டைக் கிளட்ச். அதே அமைப்போடு வந்த ஃபிட் ஹைபிரிட் 2013–14இல் ஜப்பானில் பலமுறை திரும்ப அழைக்கப்பட்டது. ஷட்டிலில் மெதுவாக ஊரும்போது உதறல் இருந்தால் சும்மா விடாதீர்கள்.

பிரேக் பேட் ஆயுசுக்கும் வரும் என்கிறார்கள், உண்மையா?

பேட் நெடுநாள் வரும். ஆனால் உபயோகமே இல்லாததால் டிஸ்க் துருப்பிடிக்கும், பேடை அழுத்தும் பின்பக்கக் காலிப்பர் இறுகிக்கொள்ளும். வருடம் ஒரு முறை கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள்.

நிறைய லோடு ஏற்றலாமா? ட்ரெய்லர் இழுக்குமா?

இடம் இருக்கிறது என்பதால் எடையும் தாங்கும் என்று நினைக்காதீர்கள். ஆரிஸ் டூரிங் ஸ்போர்ட்ஸ் 2013இல் வந்தபோது, பேட்டரியைச் சீட்டுக்கடியில் வைத்து 530 லிட்டர் டிக்கியை அப்படியே காப்பாற்றிக்கொண்டார்கள். ஆனால் பேட்டரியும் மோட்டாரும் எடைதான். அனுமதிக்கப்பட்ட மொத்த எடையிலிருந்து அது கழிந்துவிடும். கதவு ஓரத் தகட்டில் உள்ள எண்ணைப் பாருங்கள், லோடு ஏற்றும்போது டயர் காற்றையும் அதற்கேற்பக் கூட்டுங்கள். ட்ரெய்லர் விஷயத்தில் பல ஹைபிரிட்டுகளுக்கு அனுமதி மிகக் குறைவு, சிலவற்றுக்கு அறவே இல்லை. கொக்கி மாட்டியிருக்கிறது என்பது அனுமதி இருக்கிறது என்பதற்குச் சான்றல்ல. சைக்கிள் ஸ்டாண்டுக்காக மாட்டியதாகவும் இருக்கும்.

வண்டி வழியில் நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். முன்சக்கரம் சுழன்றால் மோட்டாரும் சுழன்று மின்சாரம் உற்பத்தியாகும். முன்சக்கரத்தைத் தூக்க வேண்டும், அல்லது லாரியில் ஏற்ற வேண்டும்.

மழையில் ஷாக் அடிக்குமா?

அடிக்காது. உயர் மின்னழுத்தச் சுற்று வண்டியின் உடலோடு இணைக்கப்படவில்லை. கசிவு தெரிந்தாலோ மோதினாலோ ரிலே துண்டித்துவிடும். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை மட்டும் எவ்வளவு மலிவாக வந்தாலும் வாங்காதீர்கள்.

தெருமுனை மெக்கானிக்கிடம் விடலாமா?

ஆயில், ஃபில்டர், டயர், சஸ்பென்ஷன் எல்லாம் தாராளமாக. உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு நிற ஒயர் தெரியும் இடங்களில் பயிற்சி பெற்றவர் மட்டுமே கை வைக்க வேண்டும். ஆயில் விஷயத்தில் கையேட்டில் சொன்ன மெல்லிய ரகத்தையே போடுங்கள், பெரும்பாலும் 0W-20. கியர்பெட்டி ஆயிலை ஆயுசுக்கும் மாற்ற வேண்டாம் என்பார்கள்; ஒரு லட்சம் கிலோமீட்டர் வாக்கில் மாற்றிவிடுவது என் யோசனை. பெரிய வேலை இல்லை, வடிக்கும்போது அதன் நிறமே நியாயத்தைச் சொல்லும்.

கேடலிட்டிக் கன்வர்ட்டர் திருட்டு என்கிறார்களே?

புகையிலுள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் பாகம் அது. ஹைபிரிட்டில் என்ஜின் குறைவாகவே ஓடுவதால் இந்தப் பாகத்திலுள்ள விலையுயர்ந்த உலோகம் அவ்வளவாகத் தேயாது. திருடர்களுக்கும் அது தெரியும். கீழே மறைப்புத் தகடு போட்டு, சுவரை ஒட்டி நிறுத்துங்கள். வண்டி திடீரென்று டிராக்டர்போல உறுமினால் குனிந்து பாருங்கள்.

பழைய பிளக்-இன் எஸ்டேட் வாங்கலாமா?

2012இல் வந்த வோல்வோ வி60 டீசல் பிளக்-இன்னில் பேட்டரி 11.2 கிலோவாட் மணி, 2015இன் ஃபோக்ஸ்வாகன் பாசாட் ஜிடிஇயில் 9.9 கிலோவாட் மணி. வீட்டில் பிளக் இருந்து தினசரித் தூரமும் குறைவு என்றால் இவை கணக்குக்குச் சரிவரும். முழுச் சார்ஜில் ஓட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். சார்ஜ் கேபிள் உறையைக்கூடப் பிரிக்காமல் டிக்கியில் கிடந்தால், வரிச்சலுகைக்காக வாங்கி என்ஜினிலேயே ஓட்டிய வண்டி என்று புரிந்துகொள்ளுங்கள்.

சீட்டை மடித்துப் பின்னால் படுத்துத் தூங்கலாமா?

இந்த வண்டிகளின் பெரிய சுகமே அதுதான். 'ரெடி'யில் வைத்துவிட்டால் ஏசி கம்ப்ரசர் பெரிய பேட்டரியில் ஓடும். பேட்டரி இறங்கும்போது மட்டும் என்ஜின் சில நிமிடம் எழுந்து நிரப்பிவிட்டு அடங்கும். பார்க்கிங்கின் 'பி' (P) பட்டனுக்கும் கியரின் 'பி'க்கும் (B) குழம்பாமல் பார்க்கிங்கில் போட்டு, கை பிரேக்கும் போடுங்கள். பின்சீட்டுத் துளையை மெத்தையால் மூடிவிடாதீர்கள். திறந்த வெளியில் மட்டுமே இதைச் செய்யுங்கள்: மூடிய கராஜில் என்ஜின் தானாகவே எழும், சத்தம் கேட்காது, கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் கிடையாது.